23 கிலோ பெட்டியும் 45 இறாத்தல் வில்லும்: முதல் வில் வாங்க நினைப்பவர்களுக்கு

என் முதல் வில் ஜேர்மனியிலிருந்து வந்தது. சின்னண்ணா கொண்டுவந்தார். தேன் நிறத்தில் ஒற்றைத் துண்டு லோங்போ, அதாவது நெட்டை வில், நீளம் 68 அங்குலம், கைபிடியில் தோல் சுற்றியிருந்தது. யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் வீட்டு விறாந்தையில் உறையைப் பிரித்தபோது அயலுக்குள் பாதிச் சனம் வந்து பார்த்தது. அதற்கு நாண் ஏற்றவே எனக்கு இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் வலது தோள் பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் கரும்பலகையின் மேல் பாதியில் எழுத முடியவில்லை, கீழ்ப் பாதியில்தான் பாடம் நடந்தது. வில்லில் ஒரு பிழையும் இல்லை. அது 45 இறாத்தல் வில், அதாவது நாணை முழுக்க இழுக்க அவ்வளவு பாரம், என் உயரம் 5 அடி 2 அங்குலம், அவ்வளவுதான். சின்னண்ணா வடிவைப் பார்த்து வாங்கினார். நானும் வடிவைப் பார்த்துத்தான் மயங்கினேன்.

அதற்குப் பிறகு ஒழுங்கைப் பெடியங்களில் யாருக்காவது வில் ஆசை வந்தால் நேரே என்னிடம் வருவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "ரீச்சர், 50 இறாத்தல் எடுத்தால் காணுமோ?" நான் பதில் சொல்லாமல் தையல் பெட்டியில் இருக்கிற அளவு நாடாவை எடுப்பேன்.

முதலில் அளக்க வேண்டியது உங்கள் கையை. சுவரோடு முதுகை ஒட்டி நின்று இரண்டு கையையும் சிலுவை போல் விரியுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனிவரை எத்தனை அங்குலம் என்று ஒருவரைக் கொண்டு அளப்பியுங்கள். அதை 2.5 ஆல் பிரித்தால் வருவது ஏறத்தாழ உங்கள் இழுவை நீளம், அதாவது நாணைக் கன்னம்வரை இழுக்கும்போது உங்களுக்கு வேண்டிய தூரம். எனக்கு 62 அங்குலம் வந்தது. பிரித்தால் 25க்குச் சற்றுக் குறைவு. 25 என்று வைத்துக்கொண்டேன்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், வில்லில் எழுதியிருக்கும் பாரம் 28 அங்குலம் இழுப்பவருக்கு உரியது. அதுதான் பொது வழக்கம். ஒரு அங்குலம் குறைய இழுத்தால் இரண்டு, இரண்டரை இறாத்தல் குறையும். கூட இழுத்தால் அதே அளவு கூடும். ஆக 30 என்று எழுதிய வில் என் கையில் 23 அல்லது 24. அதே வில் 30 அங்குலம் இழுக்கிற நெட்டைப் பெடியனின் கையில் 35. ஒரே வில், ஆனால் அவனும் நானும் இழுப்பது ஒன்றல்ல.

இறாத்தல் என்றதும் சிலர் சிரிப்பார்கள். பாண் வாங்குகிற அதே இறாத்தல்தான், சுமார் 450 கிராம். கிலோவில் யோசித்தால் இன்னும் விளங்கும். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் பெட்டிக்கு விமானத்தில் 23 கிலோ விடுவார்கள் அல்லவா? அது 50 இறாத்தல். அந்தப் பெட்டியை மூன்று விரலால் கொளுவி இழுத்து, கன்னத்தருகே வைத்துக்கொண்டு, மூச்சு வாங்காமல் குறி பார்க்க வேண்டும். பிறகு அதையே அறுபது தரம் செய்ய வேண்டும். இதைச் சொன்னதும் அநேகமானவர்கள் 50ஐ விட்டு இறங்கிவிடுவார்கள்.

இறங்காதவர்களும் உண்டு. ரொறன்ரோ போய்வந்த ஒருவர், அங்கே மச்சானின் 50 இறாத்தல் வில்லைச் சுகமாக இழுத்ததாகச் சொன்னார். விசாரித்தால் அது இரண்டு முனையிலும் சில்லு வைத்த கொம்பவுண்ட் வில். அதில் முழுக்க இழுத்து முடிந்ததும் பாரத்தின் பெரும்பகுதியைச் சில்லு வாங்கிக்கொள்ளும், கையில் நிற்பது கொஞ்சம்தான். மரபு வில்லில் அந்தச் சலுகை இல்லை. இழுக்க இழுக்கக் கூடும், கடைசியில்தான் ஆகக் கூட. இன்னும் சிலர் பழைய வீரர்களைக் காட்டுவார்கள். 1545இல் மூழ்கி 1982இல் தூக்கி எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த வில்களில் பெரும்பாலானவை 100 இறாத்தலுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், உண்மைதான். அந்த ஆட்கள் சின்ன வயதிலிருந்தே இழுத்துப் பழகியவர்கள். நம்மிடமும் வல்வில் ஓரி இருக்கிறான். யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போன அம்பு புற்றில் கிடந்த உடும்பில் போய்க் குத்தி நின்றதாம். எங்கள் வளவில் நிற்பது பழைய துணி அடைத்த உரச் சாக்கு.

என் கணக்கு இது. வளர்ந்த பெண்ணுக்குத் தன் இழுவை நீளத்தில் 20 முதல் 25 இறாத்தல், ஆணுக்கு 25 முதல் 30. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 15 போதும். முழுக்க இழுத்துப் பத்து எண்ணும்வரை கை நடுங்காமல் நின்றால் அந்த வில் உங்களுடையது. ஆனால் இதை முதல் அம்புக்குச் செய்து பார்க்காதீர்கள், இருபதாவது அம்புக்குச் செய்து பாருங்கள். அப்பாவின் பெரிய சைக்கிளில் அரைப் பெடல் அடித்துப் பழகின தலைமுறை நாங்கள். அது ஓடினது, ஆனால் நேராக இருந்து ஓட்டுவதற்குப் பிறகு எவ்வளவு பாடுபட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். பாரமான வில்லில் பழகினாலும் அதுதான். தோளைத் தூக்கி, முதுகை வளைத்து, நாணைக் கன்னம்வரை கொண்டுவராமலே விடுகிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு அது கழராது.

எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஊரில் வெளிநாட்டுச் சொந்தம் உள்ள எந்த வீட்டிலும் பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசு ஒன்று கிடக்கும். கொக்கியை நாணின் நடுவில் மாட்டி, உங்கள் இழுவை நீளம்வரை மெதுவாக இழுத்து, எண்ணைப் பார்த்து, மெதுவாகவே திரும்ப விடுங்கள். கொக்கி கூராக இருந்தால் நாணுக்கு ஒரு துணி சுற்றுங்கள். கிலோவை 2.2 ஆல் பெருக்கினால் இறாத்தல். சின்னண்ணாவின் வில் என் 25 அங்குலத்தில் 17 கிலோ காட்டியது. 37 இறாத்தலுக்கு மேல். தோள் ஏன் போனது என்று அன்றுதான் விளங்கியது.

அடுத்தது எந்தக் கண். இதை யாரும் யோசிப்பதில்லை. இரண்டு கையையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்னத் துவாரம் விட்டு, அதற்குள்ளால் தூரத்துப் பனையின் வட்டைப் பாருங்கள். கண்ணை மாறி மாறி மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பனை துவாரத்துக்குள் நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். என் மருமகளுக்கு எழுதுவது வலக்கை, கண் இடது. அவளுக்கு இடக்கை வில் எடுத்தோம், அதாவது வலக்கையால் பிடித்து இடக்கையால் இழுப்பது. இரண்டு வாரம் முணுமுணுத்தாள், பிறகு என்னைவிட நன்றாக எய்கிறாள். அம்பு இருக்க இடம் வெட்டிய வில் ஒரு கைக்குத்தான் சரிவரும், ஆகவே காசு கட்ட முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இனி வகை. குதிரை மேலிருந்து எய்யும் குதிரை வில் குட்டையானது, பார்க்க ஆசை வரும், அம்பு வைக்கத் தட்டு இல்லை, கைவிரலின் மேலேயே அம்பு இருக்கும். இரண்டு கைக்காரரும் பாவிக்கலாம். ஆனால் குட்டை வில்லை நீளமாக இழுத்தால் கடைசி இரண்டு அங்குலத்தில் பாரம் திடீரென்று ஏறும், நாண் கூர்க்கோணமாகி விரலை நசுக்கும். பெருவிரலில் மோதிரம் போட்டு இழுக்கும் கொரியர், மங்கோலியர் முறைக்கு அது பொருந்தும். மூன்று விரலால் இழுப்பவருக்கு உபத்திரவம். மாட்டுக்கொம்பு, மரம், நரம்பு ஒட்டிச் செய்த அசல் கூட்டு வில்லை எங்கள் ஊரில் வைத்திருக்க நினைக்காதீர்கள். ஈரக் காற்று அதற்கு எதிரி, இங்கே கார்த்திகை மாதம் உப்புப் போத்தலே தண்ணியாகிறது. லோங்போ நீளம், அமைதி, சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். ரிகர்வ் முனை வெளிப்பக்கம் வளைந்தது, அதே பாரத்தில் அம்பைக் கொஞ்சம் வேகமாக அனுப்பும். இந்தியாவில் மூங்கில் வில்லுக்கென்றே தனிப் போட்டிப் பிரிவு இருக்கிறது. மூங்கில் நல்ல பொருள்தான், ஆனால் அளவும் பாரமும் எழுதாத மூங்கில் வில்லை முதல் வில்லாக எடுக்க வேண்டாம்.

முதல் வில் கழற்றிப் பூட்டுகிற ரிகர்வாக இருக்கட்டும் என்பேன். நடுவில் மரக் கைபிடி, மேலும் கீழும் திருகாணி போட்டுப் பூட்டும் இரண்டு அலகு, வளைகிற பகுதி அதுதான். தோள் பழகியதும் கைபிடியை மாற்றாமல் அலகை மட்டும் பாரமானதாக வாங்கலாம். இன்னொரு காரணம் நமக்கே உரியது. மூன்று துண்டாகக் கழற்றினால் உடுப்புப் பெட்டிக்குள் போய்விடும். சின்னண்ணாவின் லோங்போ தனிப் பொதியாக வந்தது, அதற்காக விமான நிலையத்தில் அவர் பட்ட பாட்டை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். வில்லும் அம்பும் கைப்பையில் விடமாட்டார்கள், பொதியில்தான் போட வேண்டும். வெளியிலிருந்து எடுப்பிக்க முன் சுங்கத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். திருகாணி போட்டது மரபு வில்லா என்று சண்டைக்கு வருவோர் உண்டு. குறிகாட்டி இல்லை, சில்லு இல்லை, விரலால் இழுத்து விரலால் விடுகிறேன். எனக்கு அது போதும்.

நீளத்தை இழுவை நீளத்தோடு பாருங்கள். 26 அங்குலத்துக்கு உட்பட்டவருக்கு 60, 62 அங்குல வில். 28 இழுப்பவருக்கு 64, 66. அதற்கு மேல் 68. இடையில் தடுமாறினால் நீளமானதை எடுங்கள்.

பழைய வில் வாங்குவது குற்றமில்லை, என் இரண்டாவது வில் பழையதுதான். பார்க்கும் முறை ஒன்று உண்டு. நாண் ஏற்றி, வில்லின் ஒரு முனையைக் கண்ணருகே பிடித்து நாண் வழியே பாருங்கள், நாண் இரண்டு அலகின் நடுவாலும் ஓட வேண்டும். ஒரு பக்கம் விலகினால் அலகு முறுகியிருக்கிறது. பழைய நைலான் சேலைத் துண்டால் அலகு முழுவதும் தடவுங்கள், எங்கே நூல் பிடிக்கிறதோ அங்கே சிலும்பு அல்லது வெடிப்பு. ஓரங்களில் வெள்ளைக் கோடு தெரிந்தால் ஒட்டு விடுகிறது என்று அர்த்தம், அதை விலைபேச வேண்டாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் காது கொடுங்கள், மரம் முனகினால் வைத்துவிட்டு வாருங்கள். ஒட்டு விடுவதற்கு இங்கே பெரிய காரணம் வெயில். ஒரு தம்பி கொழும்பிலிருந்து வந்த வானின் பின் கண்ணாடிக்குக் கீழே வில்லை வைத்து, சித்திரை மாதம் மத்தியானம் சாப்பிடக் கடையில் இறங்கினார். வீட்டுக்கு வந்து நாண் ஏற்றியபோது கீழ் அலகு இரண்டாகப் பிரிந்தது.

காசை முழுவதும் வில்லில் போட்டுவிடாதீர்கள். அம்புக்கும், விரலுறைக்கும், முன்கைக் காப்புக்கும், நாண் ஏற்றும் கயிற்றுக்கும் பாதி வையுங்கள். காலுக்குள் வில்லை வைத்து வளைத்து நாண் ஏற்றினால் அலகு முறுகும், அந்தக் கயிறு இருந்தால் முறுகாது. அம்பின் விறைப்பு வில்லின் பாரத்துக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் நல்ல வில்லும் இடமோ வலமோ சிதறடிக்கும், நீங்கள் உங்களையே நொந்துகொள்வீர்கள். பிளாஸ்டிக் இறகு தட்டில் உரசித் துள்ளும், ஆகவே வான்கோழி இறகு கட்டிய அம்பு வேண்டும். நிறையும் உண்டு. ஒரு இறாத்தலுக்குப் பத்துக் கிரெயின் என்று வைத்தால் என் 24 இறாத்தலுக்கு 240 கிரெயின், சுமார் 15.5 கிராம். கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் தெரிந்தவர் இருந்தால் அம்பைக் கொண்டுபோய் நிறுக்கலாம். இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். மிக இலேசான அம்பு வில்லுக்கு ஆகாது, வெறும் நாணை இழுத்து விடுவதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

வெறும் நாண் என்றதும் ஒன்று. வீட்டில் வில்லைக் கண்ட எந்த விருந்தாளியும் அம்பில்லாமல் இழுத்து டங்கென்று விடுவார். அம்பு இல்லாதபோது அந்த விசை முழுவதும் அலகுக்கே திரும்பும், ஒரே தரத்தில் உடையலாம். அதனால் என் வில் நாண் கழற்றி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

அம்பு செய்விப்பது பற்றி ஒரு பழைய கதை எனக்குப் பிடிக்கும். 1681இல் அச்சான தன் நூலில் ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், இலங்கை வேடர்கள் இரவில் கொல்லனின் பட்டறைக்கு வந்து இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, வேண்டிய அம்பு வடிவில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவார்கள் என்று எழுதியிருக்கிறார். அளவும் கொடுத்தாயிற்று, கூலியும் கொடுத்தாயிற்று. நாங்கள் வட்ஸ்அப்பில் மூன்று நாள் எழுதியும் கடைக்காரருக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிவதில்லை.

எய்யும் இடத்தையும் வாங்க முன்னரே பாருங்கள். கிடுகு வேலி அம்பை மறிக்காது, அந்தப் பக்கம் ஒழுங்கை என்றால் அங்கே இலக்கு வைக்கவே கூடாது. பனையில் பாய்ந்த அம்பு திரும்பி வராது, மூன்று அம்பு கொடுத்துப் படித்தேன்.

போன கிழமை சின்னண்ணா தொலைபேசி எடுத்தார். ஆவணியில் வருகிறாராம், அடுத்த வளவுப் பெரிய பிள்ளைக்கு ஒரு வில் கொண்டுவரலாமா என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதிய பாரம் 30, நீளம் 62, வலக்கை, கழற்றிப் பூட்டுவது, டேக்ரான் என்ற செயற்கை இழை நாண் இரண்டு, இறகு அம்பு ஆறு.

"நிறம் என்ன மாதிரிப் பார்க்கிறது, பிள்ளை?"

"அதைக் கடைக்காரனிட்ட விடுங்கோ. பெட்டி நிறுக்கிற தராசைக் கொண்டுபோய் 25 அங்குலத்தில் இழுத்துப் பார்த்திட்டு எனக்கு எண்ணை அனுப்புங்கோ."