சொர்க்கமும் மோட்சமும் ஒன்றல்ல

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், "சொர்க்கத்துக்குப் போய்விட்டார், மோட்சம் கிடைத்துவிட்டது" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனாலும் இந்து மரபில் இவை வெவ்வேறு. சொர்க்கம் புண்ணியத்தின் பலன். புண்ணியம் தீர்ந்தால் மண்ணுலகுக்கே திரும்ப வேண்டும் என்கிறது கீதை (9:21). நரகமும் அப்படித்தான். பாவம் கழியும்வரைதான் அங்கே வாசம். முடிவே இல்லாத தண்டனை அல்ல. பிறப்பதும் இறப்பதும் அடியோடு நின்றுபோவதுதான் மோட்சம்.

கடோபநிஷத்தைப் படித்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். அதில் எமன் வீட்டில் மூன்று இரவு பட்டினி கிடந்த நசிகேதன் என்னும் சிறுவனுக்கு மூன்று வரங்கள் கிடைக்கின்றன. சொர்க்கத்துக்கு வழியான அக்கினி வித்தையை, அதாவது வேள்வி முறையை, இரண்டாவது வரத்திலேயே வாங்கிவிடுகிறான். பிறகும் கேட்கிறான்: செத்தபின் மனிதன் இருக்கிறான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர், எது உண்மை? தேவர்களுக்கே இதில் ஐயம் இருந்தது, வேறு வரம் கேள் என்கிறான் எமன். செல்வமும் நீண்ட ஆயுளும் தருவதாகச் சொல்லியும் பையன் அசையவில்லை.

கருட புராணத்தை வீட்டில் வைத்தால் சாவு வரும் என்று பயப்படுவதும் வேண்டாத பயம். நரகங்களைப் பற்றிய பகுதி அதில் ஒரு பங்குதான். மருத்துவம், ரத்தினங்களின் இலக்கணம், நீதி எல்லாம் அதே நூலில் இருக்கின்றன. இந்து என்றால் எரிப்பதுதான் முறை என்பதும் சரியல்ல. துறவிகளையும் சிறு குழந்தைகளையும் வீரசைவர்களையும் அடக்கம் செய்வதே வழக்கம்.

என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு ஒன்று உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "போன ஜென்மத்துப் பாவம்" என்று சொல்வது. நான் நேரில் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் அதன்பின் தலை நிமிரவே இல்லை. கர்மத்தின் போக்கு ஆழம் காண முடியாதது என்று கீதையே (4:17) சொல்கிறது. அப்படியிருக்க, அடுத்தவர் வீட்டு இழவுக்குக் கணக்கு எழுத நாம் யார்? வினைக்கொள்கை என் நடத்தையை நான் திருத்திக்கொள்வதற்கு. அழுகிறவளைக் கூண்டில் நிறுத்த அல்ல.

பித்ருக்களை, அதாவது இறந்துபோன முன்னோரை, பேய் என்று நினைத்து அஞ்சுவதும் பரவலாக இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் செய்யும் சபிண்டீகரணம் என்னும் சடங்கோடு, இறந்தவர் பிரேத நிலை நீங்கி முன்னோர் வரிசையில் சேர்கிறார் என்பதே நம்பிக்கை. அமாவாசைத் தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று தலைமுறையைப் பெயரும் கோத்திரமும் சொல்லி அழைக்கிறோம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எள்ளும் நீரும் வழிகின்றன. நாலைந்து எள் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இறந்தவர் மறுபிறவி எடுத்திருந்தால் இந்த நீர் யாருக்குப் போகும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி, அதட்டி அடக்க வேண்டாம். வசு, ருத்திரர், ஆதித்தியர் என்னும் பித்ரு தேவதைகள் அதைப் பெற்று, அவர் எந்தப் பிறவியில் இருந்தாலும் அந்தப் பிறவிக்கு ஏற்ற உணவாகச் சேர்க்கிறார்கள் என்பது மரபு தரும் பதில்.