இரண்டாவது ‘மணிக்கு’வை வெட்டாதீர்கள்: அணு உலை விபத்துச் செய்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் மாவட்டச் செய்தியாளர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. கற்பனையாக ஓர் அணுமின் நிலைய விபத்து. ஆலை நிர்வாகத்தின் அறிக்கை என்று நாலு வரியைக் கையில் கொடுத்து, அரை மணி நேரத்தில் செய்தியாக எழுதித் தரச் சொல்வேன். உதகை, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கங்களிலிருந்து வருகிற இளையவர்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துச் செய்தி வந்துகொண்டிருந்த வாரங்களில் எங்கள் தலைமுறைச் செய்தி மேசைகள் செய்த அதே பிழைகள் இவர்கள் தாளிலும் வரி பிசகாமல் வந்து நிற்கின்றன.

ஆதாரம் கேள், பெயரைச் சரிபார், வதந்தியைப் பரப்பாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லாச் செய்திக்கும் பொருந்துபவை, எல்லோருக்கும் தெரிந்தவை.

“நம் மலையில் அணு உலையே இல்லையே சார், இது நமக்கு எதற்கு?” என்று ஒருவராவது கேட்பார். உண்மைதான். கல்பாக்கம், கூடங்குளம், கர்நாடகத்தின் கைகா என்ற மூன்று அணுமின் நிலையங்களுமே நீலகிரியிலிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. அவசரகாலத் திட்டத்துக்கு நம் நாட்டில் வகுத்திருக்கும் வட்டம் ஆலையைச் சுற்றி 16 கிலோமீட்டர். ஆனால் ஃபுகுஷிமா இவற்றையெல்லாம் விடத் தொலைவில் இருக்கிறது. அப்படியிருந்தும் ‘மழையில் நனையாதீர்கள், கழுத்தில் பெட்டாடின் தடவிக்கொள்ளுங்கள்’ என்ற குறுஞ்செய்தி, ஒரு பெரிய செய்தி நிறுவனத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு, ஆசிய நாடுகளின் கைபேசிகளில் சுற்றியது. பிலிப்பைன்ஸில் ஒரு பல்கலைக்கழகம் அதை நம்பி வகுப்புகளையே நிறுத்தியது. உள்ளூர் வாசகர் அப்போது தொலைபேசியில் கூப்பிடுவது அணு விஞ்ஞானியை அல்ல, உங்களைத்தான்.

எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். மற்றவற்றைப் பிறகு சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் பயிற்சி அறிக்கையில் ஒரு வரி இப்படி இருக்கும்: ‘ஆலையின் வடக்கு வாயிலில் காலை 9 மணிக்கு, மணிக்கு 0.4 மில்லிசீவர்ட் பதிவானது. பிற்பகல் 3 மணிக்கு அது மணிக்கு 0.02 மில்லிசீவர்ட்டாகக் குறைந்தது.’ கூடலூரிலிருந்து வந்த ஒரு பெண் இதைக் கச்சிதமாக எழுதித் தந்தார். பக்கத்து மேசையில் பிழைதிருத்தம் பார்த்த இளைஞர் சிவப்புப் பேனாவால் ‘மணிக்கு, மணிக்கு’ என்பதில் இரண்டாவதை அடித்துவிட்டார். ஒரே சொல் தவறிப்போய் இரண்டு முறை விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். செய்தி இப்போது ‘காலை 9 மணிக்கு 0.4 மில்லிசீவர்ட் பதிவானது’ என்றாகிவிட்டது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பொருள் போய்விட்டது.

சீவர்ட் என்பது உடல் வாங்கிக்கொண்ட கதிர்வீச்சின் அளவு. ‘மணிக்கு இத்தனை சீவர்ட்’ என்பது அந்த இடத்தில் அது ஏறுகிற வேகம். காரின் வேகத்தைப் பயண தூரமாக எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; இங்கே மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அடுத்து என்ன நடந்தது பாருங்கள். மூன்றாவது மாணவர் அந்தத் திருத்திய பிரதியை எடுத்து, பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட் என்று கைபேசியில் தேடிக் கண்டுபிடித்து, ‘வரம்பில் பாதிகூட இல்லை, அச்சம் வேண்டாம்’ என்று தலைப்பு வைத்தார். அந்த வாயிலில் அதே நிலையில் இரண்டரை மணி நேரம் நின்றால் ஓர் ஆண்டுக்கான வரம்பு முடிந்துவிடும். நாலாவது மாணவர் எதிர்த் திசையில் போனார். உதகையின் இயல்பு அளவோடு வகுத்து, ‘வழக்கத்தைவிட 4,000 மடங்கு’ என்று எழுதினார். அவருடைய கணக்கு சரியாகவே இருக்கக்கூடும். ஆனால் எத்தனை நேரத்துக்கு 4,000 மடங்கு, எந்த இடத்தில், யார் நின்ற இடத்தில் என்பது எதுவுமே அதில் இல்லை. பிற்பகல் 3 மணி அளவீட்டை நாலு பேருமே விட்டுவிட்டார்கள்.

இது வகுப்பறைப் பிழை என்று நினைக்க வேண்டாம். 2011 மார்ச் 15 அன்று ஃபுகுஷிமா ஆலையின் பிரதான வாயிலில் காலை 9 மணிக்கு மணிக்கு 11,930 மைக்ரோசீவர்ட் பதிவானது. ஆறு மணி நேரத்தில் அது 600 அளவுக்கு இறங்கிவிட்டது. அதே நாள் மூன்றாம் உலைக்கு அருகே ஓரிடத்தில் மணிக்கு 400 மில்லிசீவர்ட். ஜப்பானிய அமைச்சரவையின் தலைமைச் செயலர் யுகியோ எடானோ செய்தியாளர்களிடம் இதை அறிவித்தபோது, இதுவரை சொன்னது மைக்ரோ, இது மில்லி, அலகு வேறு என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மில்லி என்பது ஆயிரம் மைக்ரோ. தமிழில் நாம் ‘மி.சீ.’, ‘மை.சீ.’ என்று சுருக்கிவிடுகிறோம். கைபேசியில் அவசரமாகத் தட்டி அனுப்பும் செய்தியில் ஓர் உயிர்மெய் மாறினால் போதும், ஆயிரம் மடங்கு கூடிவிடும், அல்லது குறைந்துவிடும். ஆகவே என் வகுப்பில் இந்தச் சுருக்கங்களுக்கு இடமில்லை. தலைப்பில் இடம் போதவில்லை என்றால் எண்ணை உள்ளே கொண்டுபோங்கள், ‘மணிக்கு’வை வெட்டாதீர்கள்.

எங்கே அளந்தது என்பதை விட்டதற்கு விலை கொடுத்தவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாக்காரர்கள். அங்கே த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்து நடந்தது 1979 மார்ச் 28. மார்ச் 30 காலையில் ஆலையின் புகைபோக்கிக்கு நேர் மேலே பறந்த ஹெலிகாப்டர் மணிக்கு 1,200 மில்லிரெம் அளந்தது. இன்றைய அலகில் 12 மில்லிசீவர்ட். அந்தச் சமயத்தில் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகத்தில், வாயு வெளியேறினால் தரையில் எவ்வளவு இருக்கும் என்று ஒருவர் போட்ட மதிப்பீட்டிலும் இதே 1,200 வந்திருந்தது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தது தற்செயல். ஆகாயத்தில் அளந்ததைத் தரையில் அளந்ததாக எடுத்துக்கொண்டார்கள். வெளியேற்றப் பரிந்துரை போயிற்று, திரும்பப் பெறப்பட்டது, அதற்குள் வானொலியும் தொலைக்காட்சியும் பற்றிக்கொண்டன. ஐந்து மைல் சுற்றளவில் உள்ள கர்ப்பிணிகளும் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறலாம் என்று ஆளுநர் அறிவித்தார். சொல்லப்பட்டவர்களோடு நிற்காமல் சுமார் 1,40,000 பேர் கிளம்பிவிட்டார்கள். பத்து மைல் சுற்றளவில் இருந்தவர்கள் வாங்கிய சராசரி அளவு 0.08 மில்லிசீவர்ட் என்று பிற்பாடு கணக்கிடப்பட்டது.

‘எவ்வளவு’ என்று எழுதிய கையோடு நாலு கேள்வி கேட்டாக வேண்டும். மைக்ரோவா மில்லியா? மணிக்கா மொத்தமா? எந்த இடத்தில்? எப்போது, அதற்கு முன்னும் பின்னும் என்ன? ஒன்றுக்குப் பதில் கிடைக்காவிட்டாலும் அந்த எண் அச்சுக்குப் போகக்கூடாது. ‘போட்டி நாளிதழ் போட்டுவிடுமே’ என்பார்கள். போடட்டும். 2011 மார்ச் 27 அன்று இரண்டாம் உலையின் டர்பைன் கட்டடத்தில் தேங்கிய நீரில் இயல்பைவிட 1 கோடி மடங்கு கதிரியக்கம் என்று ஆலை நிறுவனமே அறிவித்தது. உலகம் முழுக்கத் தலைப்பானது. அன்றே அளவீடு தவறு என்று சொல்லி, 1 லட்சம் மடங்கு என்று திருத்தினார்கள். திருத்தம் எத்தனை பத்திரிகைகளில் அதே எழுத்தளவில் வந்தது?

பெக்கரல் வந்தால் ‘எதில்’ என்று கேட்காமல் விடுவது

சீவர்ட் உடம்புக்கு, பெக்கரல் பொருளுக்கு. ஒரு கிலோவில் அல்லது ஒரு லிட்டரில் எவ்வளவு கதிரியக்கம் என்பதைப் பெக்கரலில் சொல்வார்கள். இந்தப் பகுதியை மட்டும் நம் ஊர் மாணவர்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. 2011 மே மாதம் ஜப்பானின் கனகாவா மாகாணத்தில் பறித்த பசுந்தேயிலையில் சீசியம் என்ற கதிரியக்கத் தனிமம், வரம்பான கிலோவுக்கு 500 பெக்கரலைத் தாண்டியது. உடனே அங்கே ஒரு சச்சரவு: வரம்பு பசுந்தேயிலைக்கா, உலர்ந்த தூளுக்கா, கோப்பையில் குடிக்கும் தேநீருக்கா? கோத்தகிரியில் பச்சை இலையை எடை போட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பியவருக்குத் தெரியும், ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் இலை வேண்டும். நீர் வற்றினாலும் சீசியம் வற்றாது. ஆகவே அதே இலை தூளானதும் கிலோவுக்கான எண் பல மடங்கு ஏறும். வெந்நீர் ஊற்றி வடிகட்டினால் மளமளவென இறங்கும். மறுஆண்டு ஜப்பான் அரசு குடிக்கும் தேநீருக்குக் கிலோவுக்கு 10 பெக்கரல் என்று நிர்ணயித்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. ‘தேயிலையில் நச்சு’ என்று தலைப்புப் போடுவதற்கு முன் எந்த நிலையில் அளந்தார்கள் என்று கேட்டால், ஒரு சிறு விவசாயியின் ஒரு பருவ வருமானம் தப்பும்.

குடிநீரிலும் இதே கதைதான். 2011 மார்ச் 23 அன்று டோக்கியோவின் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் லிட்டருக்கு 210 பெக்கரல் அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின். கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100, மற்றவர்களுக்கு 300. ‘டோக்கியோ நீர் குடிக்கத் தகாதது’ என்று எழுதியவர்கள் இரண்டாவது வரம்பைச் சொல்லவில்லை. மறுநாளே அளவு 79-ஆக இறங்கியது.

வட்டம் வரைந்து படம் போடுவது

காற்று வட்டமாக வீசுவதில்லை, மழை வட்டமாகப் பெய்வதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அவலாஞ்சியும் தேவாலாவும் நனையும்போது கோத்தகிரியில் துணி காய்கிற ஊர்க்காரர்கள் நாம். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியபோது கிழக்குச் சரிவில் அந்தக் கதையே வேறு. கதிரியக்கத் துகள் நிறைந்த காற்று எங்கே மழையையோ பனியையோ சந்திக்கிறதோ, அங்கே இறங்கிவிடும். ஃபுகுஷிமாவுக்கு வடமேற்கே 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் பரந்துகிடந்த இடாடே கிராமம், மக்களை வெளியேற்ற வரைந்த 20 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருந்தும், கடுமையாகப் படிவுற்றது. வட்டத்துக்குள்ளேயே சில இடங்கள் அதைவிடக் குறைவாக இருந்தன. காற்றின் திசை, மழை நேரம் இரண்டையும் வானிலை ஆய்வு மையத்திடம் கேட்டு எழுதுங்கள்.

‘அணு உலை வெடித்தது’

ஃபுகுஷிமாவில் வெடித்தது ஹைட்ரஜன். எரிபொருள் உறையின் சிர்க்கோனியம் உலோகம் நீராவியோடு வினைபுரிந்து உண்டானது. அணுகுண்டு வெடிப்பு அல்ல; அதற்காக அற்பமும் அல்ல.

நிலை 7 என்றால் செர்னோபில் என்று எழுதுவது

அணு விபத்தின் தீவிரத்தைச் சொல்லும் பன்னாட்டு அளவுகோலில் ஃபுகுஷிமா 2011 ஏப்ரல் 12 அன்று, செர்னோபில் இருந்த அதே 7-ஆம் நிலைக்கு உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் அளவுகோலே இல்லை. வெளியேறிய கதிரியக்கம் செர்னோபிலில் பத்தில் ஒரு பங்கு என்று அப்போது ஜப்பானிய அதிகாரிகளே சொன்னார்கள். அந்த வாக்கியத்தைக் கடைசிப் பத்தியில் போட்டால் வெட்டுப்படும்.

கூலிங் டவர் படம்

வேண்டாம். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் இடை சிறுத்த அந்தக் கோபுரங்கள் இல்லை, குளிர்விப்பது கடல்நீர்தான். கோபுரத்திலிருந்து வருவதும் நீராவி.

பசிபிக் வண்ண வரைபடம்

கதிரியக்கப் பரவல் என்ற பெயரில் சுற்றும், சிவப்பும் மஞ்சளுமாக ஜப்பானிலிருந்து அமெரிக்கா வரை பரவும் அந்தப் படம் சுனாமி அலையின் உயரத்தைக் காட்டுவது. ஓரத்தில் அளவு சென்டிமீட்டரில் போட்டிருக்கிறது. யாரும் ஓரத்தைப் பார்ப்பதில்லை.

இணையத்தில் வாங்கிய கருவியோடு கிளம்புவது

ஓர் இளைஞர் கையடக்கக் கதிர்வீச்சு அளவுமானியால் கோவையில் அளந்து, பிறகு உதகை சேரிங்கிராஸில் அளந்து, ‘மலையில் கதிர்வீச்சு அதிகரிப்பு’ என்று செய்தி அனுப்பத் தயாராக இருந்தார். உயரம் ஏற ஏற விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் கூடும்; உதகை உயரத்தில் அந்தப் பங்கு கடல்மட்டத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பக்கத்தில் முத்தோரையில் அந்தக் கதிர்களை ஆராய்வதற்காகவே ஓர் ஆய்வகம் இருக்கிறது. பாறையும் மண்ணும் தம் பங்குக்குத் தோரியம், பொட்டாசியம் வைத்திருக்கின்றன. விபத்துக்கு முந்தைய நாள் அந்த இடத்தின் அளவு தெரியாமல் விபத்துக்குப் பிந்தைய அளவுக்கு மதிப்பில்லை.

களத்தில் வீரம் காட்டுவது

உண்மையில் ஆலைப் பக்கம் அனுப்பப்பட்டால்: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவே சுவர் இருக்கட்டும். சட்டைப்பையில் தனிநபர் அளவுமானி இல்லாமல் போகாதீர்கள். கேமராவையும் ஒலிவாங்கியையும் பிளாஸ்டிக் உறையில் கட்டுங்கள். அங்கே சாப்பிடாதீர்கள், புகைக்காதீர்கள். திரும்பியதும் மேலாடையையும் காலணியையும் வாசலிலேயே கழற்றிப் பையில் கட்டுங்கள். ஒட்டியிருக்கும் தூசியில் பெரும்பகுதி அதோடு போய்விடும். குளிக்கும்போது சோப்பு போதும், கண்டிஷனர் வேண்டாம். அது துகளை முடியோடு பிடித்துவைக்கும்.

மக்களுக்கு ‘வீட்டுக்குள் இருங்கள்’ என்று எழுதும்போது எந்த வீடு என்று யோசியுங்கள். கான்கிரீட் வீட்டின் நடு அறையும் தகரக் கூரை போட்ட தோட்டத் தொழிலாளர் லைன் வீடும் ஒரே பாதுகாப்பைத் தராது. வெளியேற்றத்தையும் எப்போதும் நல்லதென்று எழுதாதீர்கள். ஃபுகுஷிமாவில் ஒரு மருத்துவமனையிலிருந்து அவசரமாக ஏற்றிக்கொண்டு போன வயதான நோயாளிகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அலைச்சலும் பராமரிப்பு இல்லாததும்தான் காரணம்.

அயோடின்

மாத்திரை தைராய்டு சுரப்பியை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும். சீசியத்துக்கு அது ஒன்றும் செய்யாது. அதிகாரிகள் சொன்ன நேரத்தில், அவர்கள் யாருக்குச் சொன்னார்களோ அவர்கள் மட்டும் சாப்பிட வேண்டும். பெட்டாடினிலும் அயோடின் உண்டு என்றாலும் அதைக் கழுத்தில் தடவுவதால் பயன் இல்லை. உப்புக்கும் அதே பதில்: 2011 மார்ச்சில் சீனாவில் கடை கடையாக உப்பு தீர்ந்துபோனது. பெரியவர்களுக்கான 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. நம் கடை அயோடின் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குறைந்த அளவுள்ள உப்பென்றால், ஒரு மாத்திரைக்கு ஈடாக ஆறரை கிலோவுக்கு மேல் ஒரே வேளையில் தின்ன வேண்டும். இந்தக் கணக்கைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். தலையங்கத்தைவிட அதிகம் பேர் படிப்பார்கள்.