கற்பூரவள்ளி கிருமியைத் தடுக்கிறதா? தட்டில் வைத்துப் பார்க்கலாம்

கற்பூரவள்ளி இலையை வெயிலில் போடாதீர்கள். மணம் தரும் கார்வக்ரால் ஆவியாகிவிடும். நிழலில் உலர்த்துங்கள். சதைப்பற்றான இலை, ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். உள்ளங்கையில் நொறுங்கினால் சரி.

பொடி 10 கிராமுக்கு எத்தனால் 100 மி.லி. ஊற்றி, அவ்வப்போது குலுக்கி, ஒரு நாள் கழித்து வடிகட்டுங்கள். அப்புறம் 40 டிகிரியைத் தாண்டாமல் எத்தனாலை முழுக்கப் போக்க வேண்டும். அவசரப்படக்கூடாத இடம் இதுதான். முதுகலை படிக்கும்போது நான் அரைகுறையாக விட்டேன். கிருமி தடவிய தட்டில் சிறு குழி போட்டு அந்தச் சாற்றை ஊற்றினேன். மறுநாள் சாற்றுக் குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம்! தோழியைக் கூப்பிட்டுக் காட்டினால், "வெறும் எத்தனால் குழி எங்கடி?" என்றாள். வைக்கவே இல்லை. வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய அதே வளையம்; சாறுதான் தடுத்தது என்று சொல்ல வழியில்லை.

இப்போதெல்லாம் முல்லர்-ஹின்டன் அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்) ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவைச் சீராகத் தடவி, 6 மி.மீ. குழிகள் மூன்று போடுகிறேன்: டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த சாறு, வெறும் டி.எம்.எஸ்.ஓ., ஒப்பிட ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக். 37 டிகிரியில் 18 மணி நேரம். வளையத்தைத் தட்டின் அடிப்பக்கமாக ஸ்கேல் வைத்து அளந்து, குழியும் சேர்த்த விட்டமா என்பதையும் குறியுங்கள். மூன்று தட்டாவது வேண்டும். அளந்ததும் தட்டுகளை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவி) போட்ட பிறகே குப்பைக்கு.