துணியில் கிறிஸ்துமஸ் தொங்கல்கள்: கத்தரிக்கோல் படுவதற்கு முன்பே நேரும் தவறு

கடந்த நவம்பரில், துணி நட்சத்திரமும் மணியும் தைக்கக் கற்றுக்கொள்ளத் தக்கலையிலுள்ள என் வீட்டுக்கு வந்த ஐந்து பெண்களும், கடையில் வாங்கிய சிவப்புப் பருத்தித் துணியைப் பையிலிருந்து எடுத்த கையோடு வெட்டத் தொடங்கியதைக் கண்டபோது, பல ஆண்டுகளுக்கு முந்தைய என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அளவெடுத்து வெட்ட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டால் மட்டுமே தெரிபவற்றை இங்கே எழுதுகிறேன்.

துவைக்காத துணி

ஓர் ஆலயத்தின் முற்றத்தில் நட்ட சவுக்குக் கிளைக்கும் அருகிலிருந்த குடிலுக்கும் 60 நட்சத்திரங்கள் கேட்டிருந்தார்கள். சிவப்புத் துணியில் தைத்து, விளிம்பெல்லாம் வெள்ளை லேஸ் வைத்துக் கொடுத்தேன். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நம் மாவட்டத்தை எளிதில் விட்டுவிடுவதில்லை என்பது தெரிந்திருந்தும், ஒரே இரவுச் சாரலில் லேஸ் முழுவதும் இளஞ்சிவப்பாகி, குடிலில் விரித்திருந்த வெள்ளை வேட்டியிலும் சொட்டுச் சொட்டாகச் சாயம் இறங்கும் என்று நான் நினைக்கவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்ததுடன், புதிதாகத் துணி வாங்கி இரண்டு இரவுகள் கண்விழித்துத் தைக்கவும் நேர்ந்தது.

அடர்சிவப்பு, கரும்பச்சைத் துணிகளில் நூலோடு பிணையாத மிகுதிச் சாயம் தங்கியிருக்கும். ஈரம் பட்டதும் அது வெளியேறும். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சலூட்டுவது இந்த யோசனைதான். பருத்திக்குச் சாயமேற்றும்போது தொட்டியில் உப்பு சேர்ப்பது உண்மையே. ஆனால் அது சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்கு, கடையிலிருந்து வந்த துணியில் அதைக் கட்டிவைப்பதற்கு அல்ல. வினிகர் உதவுவது கம்பளிக்கும் பட்டுக்கும் உரிய அமிலச் சாயங்களுக்கு. மிகுதிச் சாயத்தை அலசி வெளியேற்றுவதே நம்பத்தக்க வழி. தண்ணீர் தெளிவாகும் வரை அலசிக் காயவைத்தபின், நனைத்த வெள்ளைத் துணித்துண்டால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அதில் சிறிது நிறம் ஏறினாலும், அந்தத் துணியை வெள்ளையோடு சேர்க்க வேண்டாம்.

துவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதுப் பருத்தி முதல் நனைவில் சுருங்கும்; பாலியஸ்டர் லேஸ் சுருங்காது. இரண்டையும் துவைக்காமல் சேர்த்துத் தைத்த நட்சத்திரம், ஒருமுறை நனைந்ததும் விளிம்பில் அலையலையாக நெளிந்துவிடும். பிறகு எவ்வளவு இஸ்திரி போட்டாலும் நேராவதில்லை.

மடங்காத முனைகள்

நட்சத்திரத்தைப் புறம் திருப்பும்போது கூர்முனை உருண்டு நிற்பதற்குக் காரணம், உள்ளே மிஞ்சிய துணி. வெளிமுனையில் தையலுக்கு 2 மில்லிமீட்டர் வரை நெருங்கிக் கத்தரியுங்கள். உள்மடிப்பில் தையலைத் தொட்டும் தொடாமலும் ஒரு வெட்டுக் கொடுங்கள். சாட்டின் துணி விரைவில் பிசிறிடும் என்பதால், அதற்கு மட்டும் விளிம்பைச் சற்று அகலமாக விட்டுத் தைத்து, முனைகளில் மட்டும் கத்தரிப்பது நல்லது.

உள்ளே அடைக்கும் பஞ்சு

நம் வீடுகளில் மெத்தைக்கு மிஞ்சிய இலவம்பஞ்சு எப்போதும் இருக்கும். மழையில் நனையும் தொங்கலுக்கு அது ஆகாது, கட்டியாகிவிடும். பாலியஸ்டர் பஞ்சே போதும். முனைகளை முதலில் நிரப்புங்கள்.

பசைத் துப்பாக்கி

சாட்டினில் வேண்டாம். சூடு துணியைச் சுருக்கிவிடும், பசையின் தடமும் மறுபக்கம் தெரியும்.

மினுமினுப்புத் தூள்

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கூடாது.

தொங்கவிடும் நூல்

கண்ணுக்குத் தெரியாது என்பதற்காகத் தங்கூசியில் (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் இழை) தொங்கவிட்டால், முடிச்சு வழுக்கி அவிழும். எம்பிராய்டரி நூலை இரட்டையாகக் கோத்து, தையலுக்குள்ளேயே முடிச்சை மறைத்துவிடுங்கள்.