குடிநீர்த் திட்டப் பணியை அளப்பது எப்படி?

ஊராட்சிக் குடிநீர்த் திட்டம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், "60 விழுக்காடு நிதி செலவாகிவிட்டது" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். செலவான பணம் முடிந்த வேலையாகிவிடாது. இரண்டையும் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

முதலில் மதிப்பீட்டை ஆழ்துளைக் கிணறு, மோட்டார் அறை, மேல்நிலைத் தொட்டி, குழாய்ப் பாதை, வீட்டு இணைப்பு எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தொகையையும் முடிய வேண்டிய மாதத்தையும் எழுதுங்கள்.

அடுத்து, முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தைப் பார்த்து, முடிந்த வேலையை மதிப்பீட்டு விலையில் கூட்டுங்கள். கணக்கு பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். சாலையோரம் அடுக்கி வைத்த குழாய்களுக்கும் பணம் கேட்டுப் பட்டியல் (பில்) போட்டிருக்கலாம். ஆனால் பள்ளத்தில் பதித்து, இணைத்து, அழுத்தச் சோதனையும் முடித்த நீளத்தை மட்டுமே வேலையாக எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

எடுத்துக்காட்டாக, மொத்த மதிப்பீடு 80 லட்சம் ரூபாய். இன்றைக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை 50 லட்சம், முடிந்தது 40 லட்சம், செலவு 48 லட்சம் என்று கொள்வோம். 40ஐ 50ஆல் வகுத்தால் 0.80, ஒன்றுக்குக் கீழே இருப்பதால் பணி பின்தங்கியிருக்கிறது. 40ஐ 48ஆல் வகுத்தால் 0.83, அதாவது ஒரு ரூபாய் செலவுக்கு 83 காசு வேலைதான் நடந்திருக்கிறது. இதே போக்கு நீடித்தால் திட்டம் முடியும்போது செலவு 96 லட்சத்தைத் தொடும்.

தரத்தை இந்த எண்கள் காட்டா. மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, கான்கிரீட் நீரை உறிஞ்ச 7 நாள் விட்டு, அதன்பின் 7 நாள் வெளிச்சுவரைக் கவனிக்க வேண்டும். கசிவின்றி உலர்ந்திருந்தால்தான் தொட்டி தேறியதாகும்.

கடைசியாக, தொட்டியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள வீட்டுக் குழாய்க்குச் செல்லுங்கள். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் கிடைக்க வேண்டும். நால்வர் வாழும் வீட்டுக்கு 220 லிட்டர். 15 லிட்டர் குடம் நிரம்ப 2 நிமிடம் ஆகிறது, தண்ணீர் 20 நிமிடம்தான் வருகிறது என்றால், கிடைப்பது 150 லிட்டரே. பக்கத்து வீடுகளும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் இதை அளவெடுங்கள்; மற்ற குழாய்கள் மூடியிருக்கும்போது எந்தத் திட்டமும் நன்றாகவே தெரியும்.