ஜெர்மனியில் ஜெர்மன் பழக: வகுப்புக்கு வெளியே என்ன செய்யலாம்?

ஜெர்மனிக்கு ஐடி வேலைக்கோ மேல்படிப்புக்கோ வரும் நம்மவர்கள் பலர் ஜெர்மன் இல்லாமலே சில வருடங்களை ஓட்டிவிடுகிறார்கள். ஆபீஸில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், சூப்பர்மார்க்கெட்டில் வாயே திறக்க வேண்டியதில்லை. ஒருநாள் கடைவாய்ப் பல் வலிக்கும்போதுதான் சிக்கல் புரியும். பல் டாக்டருக்கு ஆங்கிலம் வரும்; போனை எடுத்து அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் அம்மாவுக்கு வராது.

வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அநேகமாக எல்லா ஊரிலும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ என்ற மக்கள் கல்விக்கூடம் இருக்கிறது. சுருக்கமாக 'ஃபௌ-ஹா-எஸ்' என்பார்கள். தனியார் பயிற்சி நிலையங்களைவிடக் கட்டணம் பொதுவாகக் குறைவு, மாலை வகுப்பும் உண்டு. அரசின் ஒருங்கிணைப்புப் பாடத்தில் சேர்ந்தால் 600 பாடவேளை மொழிக்கு, 100 பாடவேளை நாட்டைப் பற்றி. புளூ கார்டில் (படித்த வேலையாட்களுக்கான அனுமதி) வந்தவர்களுக்கு ஆதாயம் நேரடியானது: பி1 என்ற நடுநிலைத் தேர்வில் தேறினால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், தொடக்க நிலையான ஏ1 மட்டும் என்றால் 27 மாதம் ஆகும்.

ஆனால் சான்றிதழ் வேறு, வாய் திறப்பது வேறு. பி1 தேறிவிட்டு ரொட்டிக் கடையில் விரலால் சுட்டிக்காட்டி வாங்குபவர்களை எனக்குத் தெரியும். நான் பார்த்தவரை, தனக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றை ஜெர்மனில் செய்ய ஆரம்பித்தவர்கள்தான் பேசக் கற்றார்கள். தினம் இருபது வார்த்தை என்று நோட்டுப் போட்டவர்கள் பொங்கலுக்கு ஆரம்பித்து மாசியில் கைவிட்டார்கள்.

தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு சின்ன சலுகையும் உண்டு. துணை வாக்கியத்தில் ஜெர்மன் வினைச்சொல் கடைசியில் போய் உட்காரும். ஆங்கிலேயர்கள் இதில் திணறுவார்கள். வாக்கியம் முடியும்வரை வினைக்குக் காத்திருப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். பால் விஷயத்தில்தான் இடிக்கும்: கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதலில் டிவி. டாய்ச்ச வெல்லே நிறுவனத்தின் 'நீகோஸ் வேக்' தொடர் இலவசம். நீகோ என்ற இளைஞன் ஜெர்மனியில் வந்து இறங்கியதும் பையைத் தொலைத்துவிட்டு அலையும் கதை, ஏ1 முதல் பி1 வரை போகிறது. அது முடிந்ததும் நேராகக் குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் போங்கள். 1971 முதல் ஞாயிறு காலைகளில் வரும் 'டீ ஸெண்டுங் மிட் டெர் மவுஸ்' நிகழ்ச்சியில் பென்சில் எப்படிச் செய்கிறார்கள், விமானம் எப்படிப் பறக்கிறது போன்ற விஷயங்களைப் படம் பிடித்து, எளிய வாக்கியங்களில் விளக்குவார்கள். கொஞ்சல் பேச்சு கிடையாது, பெரியவர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கொலை விசாரணை பிடிக்கும் என்றால் 1970 முதல் ஓடும் 'டாட்ஓர்ட்' இருக்கிறது, ஞாயிறு இரவு 8.15க்கு. திரையின் அடியில் ஜெர்மன் எழுத்து ஓடும்படி வைத்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தைப் போட்டால் காது தூங்கிவிடும்.

சிறுவர் நிகழ்ச்சியா என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ஜெர்மனியிலிருந்து 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மதபோதகர் சீகன்பால்க், தமிழ் எழுத்தைக் கற்றது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான். அவருடைய மதப்பணி சார்ந்த ஆவணங்களோடு தமிழ் ஓலைச்சுவடிகளும் ஹாலே நகரின் ஃபிராங்கே நிறுவனங்களில் இன்றும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

நூலகத்தில் உறுப்பினராவதை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள். பல ஊர்களில் பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை, பெரியவர்களுக்கும் ஆண்டுக் கட்டணம் சொற்பம். வீட்டிலிருந்தே மின்னூலும் ஒலிநூலும் இரவல் வாங்கலாம். வாரம் ஒருமுறை 'ஷ்பிராக்கஃபே' நடத்தும் நூலகங்களும் உண்டு: காபி, பிஸ்கட், ஓய்வுபெற்ற பெரியவர்கள் இரண்டு மூன்று பேர், கூடவே நம்மைப் போல வந்தவர்கள். அந்தப் பெரியவர்களுக்கு அவசரமே கிடையாது, அதுதான் அவர்களுடைய பெரிய தகுதி. குடும்ப விசாவில் வந்து பகல் முழுக்கப் பிள்ளையோடு வீட்டில் இருப்பவர்களுக்கு நூலகத்தின் கதை வாசிப்பு நேரம் மிகவும் நல்லது. 1954 முதல் வரும் பிக்ஸி புத்தகங்களையும் விடாதீர்கள். உள்ளங்கை அளவு சதுரப் புத்தகம், பிள்ளை ஒரே கதையை நாற்பது தடவை படிக்கச் சொல்லும். உங்களுக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

அதே நூலகத்தில் பலகை விளையாட்டுகளும் இரவல் கிடைக்கும். இந்த ஊர்க்காரர்கள் பனிக்காலம் முழுக்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிறவர்கள். 'மென்ஷ் எர்கெரெ டிஷ் நிஷ்ட்' நம் தாயத்தின் தூரத்து உறவு. தாயத்துக்குப் பதில் ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும். காயை வெட்டும்போது என்ன சொல்கிறார்கள், உன் முறை என்று எப்படி அவசரப்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராத ஜெர்மன். பேப்பரும் பேனாவும் மட்டும் போதும் என்றால் 'ஷ்டட் லண்ட் ஃப்ளுஸ்'. ஓர் எழுத்தைச் சொன்னதும் அதில் தொடங்கும் ஊர், நாடு, ஆறு என்று எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாம் விளையாடிய நேம்-பிளேஸ்-அனிமல்-திங்கின் அதே ஆட்டம்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுங்கள், உங்களுடைய எழுத்துப்பிழையை அவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம்: ஃப்ளோமார்க்ட், பழைய சாமான் சந்தை. எண்களைப் பழக இதைவிட நல்ல பள்ளி கிடையாது. ஜெர்மனில் இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்று தலைகீழாகச் சொல்வார்கள். வகுப்பில் யோசித்துச் சொல்லிவிடலாம்; சந்தையில் ஒருவர் விலை சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும்போது 25ஆ 52ஆ என்பது பர்ஸ் சம்பந்தப்பட்ட கேள்வி. தோசைக்கு ஏற்ற கனமான இரும்புக் கல் அங்கேதான் கிடைக்கும், பாட்டி காலத்து வார்ப்பிரும்புச் சட்டியாக. முதலில் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், அடியில் விரிசல் இருக்கிறதா என்று. அப்புறம் விலை கேளுங்கள். 'ஐந்து பத்து' என்பார், அதாவது பதினைந்து. உடனே பாதி விலைக்குக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். 'கேட் டா நோஹ் வஸ்?' என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள், இன்னும் கொஞ்சம் குறையுமா என்ற அர்த்தத்தில். பன்னிரண்டுக்கு இறங்குவார். அதோடு விடாமல் இதில் என்ன சமைப்பாய் என்றும் கேட்பார், நீங்கள் தோசையை விளக்கியாக வேண்டும். அரிசி, உளுந்து, ஊறவைப்பது, புளிக்கவைப்பது: கால் மணி நேரப் பேச்சுப் பயிற்சி இலவசம். மூட்டை கட்டும் நேரத்தில் போனால் விலை இன்னும் இறங்கும், திருப்பித் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் மனசு வராது. பெர்லினில் மவுவர்பார்க் மாதிரிப் பேர்போன சந்தைகளுக்கு வேடிக்கை பார்க்கப் போகலாம். அங்கே சுற்றுலாக் கூட்டம் அதிகம், விற்பவரே ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிடுவார். பழக வேண்டும் என்றால் சின்ன ஊர்ச் சந்தைதான்.

அடுத்தது ஃபெரைன், அதாவது சங்கம். இங்கே எதற்கும் ஒரு சங்கம் இருக்கும்: பாட்டு, தோட்டம், முயல் வளர்ப்பு, தன்னார்வத் தீயணைப்பு. கிரிக்கெட் கிளப்பில் சேராதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் அங்கே நீங்கள் கற்பது பெரும்பாலும் ஹிந்தி மொழியாகத்தான் இருக்கும். பேட்மின்டன் அல்லது டேபிள் டென்னிஸ் நல்லது. புள்ளி எண்ணுவதில் தொடங்கி, ஆட்டம் முடிந்து பீரோடோ ஆப்பிள் ஷோர்லெயோடோ (சோடா கலந்த ஆப்பிள் சாறு) உட்காரும்போது பேச்சு நீளும். ஒரு விஷயம் கவனியுங்கள்: கடையிலும் அரசு அலுவலகங்களிலும் 'ஸீ' போட்டுத்தான் பேச வேண்டும், சங்கத்தில் முதல் நாளே 'டு'. நீங்கள், நீ என்ற வித்தியாசம்தான். சந்தேகம் வந்தால் 'ஸீ' போடுங்கள், அவர்களே மாற்றச் சொல்வார்கள்.

நீங்கள் தடுமாறினால் எதிரில் இருப்பவர் உடனே ஆங்கிலத்துக்குத் தாவுவார். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவருக்கும் ஆங்கிலம் பேசிப் பார்க்க ஆசை. 'அவுஃப் டாய்ச், பிட்டே' என்று ஒருமுறை சொல்லிவிட்டு நிதானமாகத் தொடருங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகத் திரும்பி வருவார்கள்.

ரயில் தாமதத்தைக்கூட விட்டுவைக்காதீர்கள். நடைமேடை அறிவிப்பு எப்போதும் ஒரே அச்சு: வண்டி, போகும் ஊர், எத்தனை நிமிடம் தாமதம், காரணம். கொட்டாவி விட்டபடியே காதில் வாங்கினால் போதும், காரணங்களின் பட்டியல் தானாக மனதில் ஏறிவிடும். இதைச் சந்தோஷமான வழி என்று சொல்ல முடியாது, ஆனால் அடிக்கடி கிடைக்கும் வழி.

வட்டார வழக்கு ஒன்று குறுக்கே வரும். ஹம்பர்கில் காலை, மாலை எந்நேரமும் 'மோய்ன்', பவேரியாவில் 'ஸெர்வுஸ்', ஸ்டுட்கார்ட் பக்கம் எதையெடுத்தாலும் கடைசியில் 'லே' ஒட்டிச் சின்னதாக்கிவிடுவார்கள். வகுப்பில் கற்ற ஜெர்மனையே நீங்கள் பேசுங்கள், எல்லோருக்கும் புரியும். அவர்கள் பேசுவது புரிய மட்டும் சில மாதங்கள் கொடுங்கள்.

அரசு அலுவலகக் கடிதங்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த ஜெர்மன் ஜெர்மானியர்களுக்கே தலைசுற்றும். கடிதம் வந்தால் முதலில் தேதியையும் 'ஃபிரிஸ்ட்' என்று தொடங்கும் சொல்லையும் தேடுங்கள், அதுதான் கெடு. மற்றதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்துக்கொள்ளலாம். அப்படியும் புரியாவிட்டால் ஷ்பிராக்கஃபேக்கு எடுத்துப் போங்கள், அங்கே இருக்கும் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக விளக்குவார், நடுநடுவே அந்த அலுவலகத்தைத் திட்டியபடி.