மில்க்மெய்டு டின்னில் கோல விளக்கு

பாயசம் வைத்த மறுநாள் எங்கள் வீட்டில் மில்க்மெய்டு டின் மிஞ்சும். நான் அதில் விளக்குதான் செய்வேன்.

முதலில் விளிம்பைக் கவனியுங்கள். ஓப்பனர் விட்ட பிசிறைக் குறடால் உள்பக்கம் மடக்கி அழுத்தாவிட்டால் விரல் கிழியும். லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரியுங்கள். பசைப் பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

வெறும் டின்னில் ஆணி அடித்தால் நசுங்கிவிடும். அதனால் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள். விளிம்புவரை ஊற்ற வேண்டாம். தண்ணீர் ஐஸாகும்போது உப்பி அடித்தகட்டைப் பிதுக்கும், அப்புறம் டின் நேராக நிற்காது. மடித்த பழைய துண்டின்மேல் படுக்கவைத்து, மார்க்கரால் புள்ளிக்கோலம் வையுங்கள். இழை வேண்டாம், புள்ளி போதும். ஒவ்வொன்றிலும் ஆணி வைத்துத் தட்டுங்கள். இரண்டு அளவு ஆணி இருந்தால் இன்னும் அழகு. வேலை முடிவதற்குள் ஐஸ் இளகினால் மறுபடி ஃப்ரீசர்தான்.

ஐஸ் கரைந்ததும் உடனே துடைத்துக் காயவையுங்கள், இல்லையென்றால் துரு. உள்ளே சின்ன அகல் வைக்கலாம். தகடு சுடும், குழந்தைகள் தொடாத இடமாகப் பாருங்கள்.

அடியில் நாலு ஓட்டை போட்டால் புதினாத் தொட்டி. புளி, ஊறுகாய் மட்டும் இதில் வேண்டாம். புளிப்பு தகட்டை அரிக்கும்.